மடலேறிய கதை

சங்க காலத்தில் காதல் கைகூடாத ஆண்பிள்ளை பனை மடலில் குதிரை கட்டி, எருக்கம்பூ மாலையைப் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் படத்தைக் கையில் பிடித்தபடி தெருவோடு வருவானாம். மடலேறுதல் என்று பெயர். பனை மடலின் இரண்டு ஓரமும் கருக்கு. ரம்பம் மாதிரி அறுக்கும். ஊர் முதலில் வேடிக்கை பார்க்கும், பிறகு பாவம் பார்த்துப் பெண்ணைக் கட்டிவைக்கும். ஐம்பத்திரண்டு வயதில் நான் ஏறிய மடலுக்கு மின்மடல் என்று பெயர். கருக்கு இதிலும் உண்டு. ஊர் வேடிக்கை பார்த்தது. பாவம் பார்க்கும் கட்டத்துக்குத்தான் இன்னும் வரவில்லை.

ஏற்றிவிட்டது என் மகள். பெங்களூரில் வேலை. "அப்பா, நீங்க குடும்ப குரூப்ல எழுதறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீளமா இருக்கு. அதையே வாராவாரம் மடலா அனுப்புங்களேன். வேணுங்கிறவங்க மெயில் ஐடி குடுத்து வாங்கிப்பாங்க" என்றாள். பத்து நிமிஷத்தில் எல்லாம் செய்து கொடுத்துவிட்டாள். குடும்ப குரூப்பிலிருந்து என்னை மரியாதையாக வெளியே அனுப்ப எல்லோரும் கூடிப் பேசி எடுத்த முடிவு அது என்று எனக்குத் தெரியவந்தபோது மூன்று மடல் போய்விட்டிருந்தது.

முதல் மடலை 2023 அக்டோபர் 23 அன்றே எழுதியிருக்க வேண்டும். அன்று சரஸ்வதி பூஜை. பேனா, கணக்கு நோட்டு, லேப்டாப் எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. அன்றைக்கு எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது. நம்பினால் நம்புங்கள், என் வாழ்நாளில் எழுத வேண்டும் என்ற வெறி அப்படி வந்ததே இல்லை. சுண்டல் சாப்பிடும்போது ஒரு தலைப்பு, தாம்பூலம் கொடுக்கும்போது ஒரு முதல் வரி என்று கொட்டுகிறது. மறுநாள் விஜயதசமி. லேப்டாப்பைத் துடைத்துத் திறந்தால் ஒன்றையும் காணோம். தொட்டது துலங்கும் நாளாயிற்றே என்று தொட்டுக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு வாக்கியம் துலங்கியது: "இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை 6 மணிக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவேன்."

எங்கள் செக்‌ஷனில் ஒருவர் உடனே கேட்டார். "சார், ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குத்தான் தட்டணுமா?"

மொத்தம் 43 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் 19. ஆபீஸில் 11. எங்கள் அடுக்குமாடியில் 6 பேர். அவர்கள் சங்கத்தின் கணக்கு வழக்கு வரும் என்று நினைத்துச் சேர்ந்தவர்கள். மிச்சம் ஏழு பேர் யாரென்றே தெரியாது. அந்த ஏழு பேரை நினைத்தால்தான் கை நடுங்கும். 36 பேர் என்னைச் சகித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஏழு பேருக்கு என்ன வந்தது?

அக்டோபர் 29, நவம்பர் 5, இரண்டு ஞாயிறும் சரியாகத் தட்டினேன். அடுத்த ஞாயிறு நவம்பர் 12, தீபாவளி. தீபாவளியன்று யாராவது மடல் படிப்பார்களா என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறு 19, அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. வென்றால் வெற்றி மடல் என்று காலையில் அனுப்பாமல் வைத்திருந்தேன். ராத்திரி அந்த நிலைமையில் எழுத யாருக்கு மனசு வரும்? அதற்கடுத்த ஞாயிறு 26, கார்த்திகை தீபம். ஆக, மூன்று ஞாயிறு போயிற்று. பழியை நான் பஞ்சாங்கத்தின் மேலும் கிரிக்கெட் வாரியத்தின் மேலும் போட்டேன். மன்னார்குடியிலிருந்து அத்தை போன் செய்தாள்.

"ஏண்டா, கடுதாசி வரலியே, உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லத்தே, வேலை."

"வேலைன்னா வாராவாரம்னு ஏண்டா வாக்கு குடுத்தே? உங்கப்பா மாசத்துக்கு ஒண்ணுதான் எழுதுவான். வராத மாசம் கிடையாது."

அத்தைக்கு எண்பத்தொன்று. பேரன் போனில் படித்துக் காட்டுவான். மடல் என்றால் அவளுக்கு வாழைமடல், தாழைமடல். எனவே கடுதாசி. அந்தக் காலத்தில் கடுதாசி வராவிட்டாலே கவலை. அந்தக் கவலையோடுதான் என் மடலையும் எதிர்பார்த்திருக்கிறாள். பெயர் தெரியாத ஏழு பேர்கூட எனக்கு இவ்வளவு பயத்தைக் கொடுக்கவில்லை.

பயத்தில் நவம்பர் கடைசியில் இரண்டு நாள் லீவு போட்டேன். ஒரே மூச்சில் நான்கு மடல் எழுதி, இனி ஞாயிறு வேண்டாம், திங்கள் காலை ஆறு மணிக்கு ஒவ்வொன்றாகத் தானே போகட்டும் என்று நாள் குறித்து வைத்துவிட்டேன். முதல் மடலின் தலைப்பு 'மழையும் மிளகாய் பஜ்ஜியும்'. அதில் ஜன்னலோரம், நனைந்த வேப்பமரம், எண்ணெயில் பஜ்ஜி விழும் சத்தம் எல்லாம் இருந்தன. "பெய்யட்டுமே, எவ்வளவு பெய்துவிடப் போகிறது?" என்று முடித்திருந்தேன். போக வேண்டிய நாள் டிசம்பர் 4.

மிக்ஜாம் புயல் வந்த திங்கட்கிழமை. ராத்திரியெல்லாம் கொட்டி, விடியும்போது குரோம்பேட்டையில் எங்கள் தெருவே தெரியவில்லை. கரண்ட் இல்லை, கீழ்வீட்டுக்காரர்கள் கேஸ் சிலிண்டரைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு எங்கள் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள், என் போனில் நெட்வொர்க் செத்துவிட்டது. திடீரென்று எனக்கு பஜ்ஜி ஞாபகம் வந்தது. நிறுத்த வழியில்லை. நாமெல்லாம் தண்ணீரில் இருந்தாலும், மடலை அனுப்புகிற கம்ப்யூட்டர் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே நல்ல வெயில். மணி ஆறாக அது தன் கடமையைச் செய்துவிட்டது.

மூன்றாம் நாள் நெட்வொர்க் வந்ததும் பதில்களும் வந்தன. முடிச்சூரில் இருக்கும் சித்தப்பா பையன், "அண்ணா, பஜ்ஜி மாவு மிதக்குது, வந்து பாருங்க" என்று எழுதியிருந்தான். பெயர் தெரியாத ஏழு பேரில் ஒருவர் ஒரே ஒரு கேள்விக்குறி அனுப்பியிருந்தார். பெயரை நீக்கிக்கொண்டவர்கள் இரண்டு பேர். மீதி மூன்று மடல்களையும் திறந்துகூடப் பார்க்காமல் அழித்தேன். அவற்றில் ஒன்று, 'நதிக்கரை நாகரிகம்'.

தப்பு நேரத்தில் இருக்கிறது என்று அடுத்த முடிவுக்கு வந்தேன். எழுத்தாளர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று படிக்கப் போனால் பீதிதான் மிஞ்சும். கல்கி பத்திரிகையையும் நடத்திக்கொண்டு 1950 முதல் 1954 வரை வாராவாரம் 'பொன்னியின் செல்வன்' எழுதியிருக்கிறார். ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்று தொடங்கி 2020 ஜூலை வரை 'வெண்முரசு' எழுதியிருக்கிறார், நாளுக்கு ஓர் அத்தியாயம் கணக்கில், 26 நாவல்கள். எனக்குச் சம்பளப் பட்டியல் தயார் செய்தாலே மூன்று நாள் தோள் வலிக்கும்.

இவர்களை விட்டுவிட்டு, என்னைப் போல ஆபீஸ் போய்க்கொண்டே எழுதியவரைத் தேடினேன். அந்தோணி ட்ரோலப் கிடைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர், தபால் இலாகாக்காரர். 1852இல் ஜெர்சி தீவில் தெருவோரத் தபால் பெட்டி வந்ததே அவர் யோசனையால்தான். கடிதம் சம்பந்தப்பட்ட மனிதர் என்பதால் உடனே ஒட்டிக்கொண்டது. காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். கடியாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று கணக்கு. அப்படியே 47 நாவல். அவர் செத்தபிறகு 1883இல் வெளிவந்த சுயசரிதையில் இந்தக் கணக்கைப் படித்த வாசகர்கள், சரக்குப் போட்டு எடுக்கிற மாதிரி எழுதியிருக்கிறானே என்று முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. விடியற்காலையில் எழுப்பிவிடுவதற்காகவே ஒரு கிழட்டு வேலையாளுக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அவன் காப்பியோடு வந்து எழுப்புவான்.

எனக்கு மார்கழி இருந்தது. நாலரைக்குக் கோயில் ஸ்பீக்கர் எழுப்பிவிடும், காசு கிடையாது. காப்பி மட்டும் நானே போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாள் எழுந்து உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு மனைவி அரைத் தூக்கத்தில், "முழிச்சுட்டுதானே இருக்கீங்க, மோட்டார் போட்டுடுங்க" என்றாள். போட்டேன். மோட்டாரைப் போட்டவன் தொட்டி நிரம்புகிறதா என்று பார்க்க மொட்டை மாடிக்குப் போக வேண்டும். போனேன். நான்காம் நாள் எதிர்வீட்டுக்காரர் அவர்களுடைய பால் பாக்கெட்டையும் எடுத்து வைக்கச் சொன்னார். இரண்டாம் வாரம் சங்கச் செயலாளர் மோட்டார் ரூம் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். "உங்களுக்குத்தான் சார் ஒழுங்கு இருக்கு. வாட்ச்மேன் தூங்கிடறான்."

ட்ரோலப் தன்னை எழுப்ப ஓர் ஆள் வைத்துக்கொண்டார். நான் எழுந்ததால் பன்னிரண்டு வீட்டுக்கு ஓர் ஆள் கிடைத்தான். மார்கழி முடிவதற்குள் நான் எழுதியது ஒன்றரை மடல். நிரப்பியது முப்பது தொட்டி.

பிறகு ரயில். குரோம்பேட்டையிலிருந்து பார்க் ஸ்டேஷன் வரை கிட்டத்தட்ட நாற்பது நிமிஷம் சும்மாதானே நிற்கிறோம், போனில் தட்டிவிடலாமே என்று தோன்றியது. தமிழில் எழுதுகிறவனுக்கு லோக்கல் ரயில் சரிப்படாது. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது? பல்லாவரத்தில் எழுவாயை வைத்தால் கிண்டிக்குள் பயனிலையை முடித்தாக வேண்டும். கிண்டியில் கூட்டம் ஏறினால் கை மடங்கிவிடும், வாக்கியம் நடு ஆகாயத்தில் நிற்கும். அப்படி நின்றுபோனவை என் போனில் இன்னும் இருக்கின்றன. 'என் தாத்தா அந்தக் கிணற்றடியில் வைத்து அந்த மனிதரை' என்று ஒன்று. தாத்தா என்ன செய்தார் என்று எனக்கே இப்போது தெரியவில்லை.

ஒருநாள் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் என் தோள் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்து, மீனம்பாக்கத்தில் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார்.

"தம்பி, 'முயற்ச்சி'ன்னு போட்டிருக்கீங்க. ற்-க்குப் பின்னாடி ஒற்று வராது. முயற்சி."

ஓய்வுபெற்ற தமிழாசிரியர். திருத்திக் காட்டினேன். பழவந்தாங்கலில் இன்னொரு சந்திப்பிழை, சைதாப்பேட்டையில் ஒருமை பன்மை. இறங்கும்போது மடலுக்குத் தன் மெயில் ஐடியைக் கொடுத்துவிட்டுப் போனார். பெயர் கொடுத்தவர்கள் 42 ஆனார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் அவர் தோளுக்குப் பின்னால் நிற்பதாக நினைத்தே எழுத வேண்டியிருந்தது. ரயிலையும் விட்டேன்.

பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்கு மன்னார்குடி போனபோது அத்தை வீட்டில் தங்கினேன். பரணிலிருந்து ஒரு கம்பியை இறக்கச் சொன்னாள். தலையில் கொக்கி, அடியில் மரக்கட்டை, நடுவில் நூறு நூற்றைம்பது கடுதாசி குத்தியிருந்தது. எல்லாம் அப்பா எழுதியவை. நீல இன்லாண்டு. கம்பி போன இடத்தில் ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை, பல கடிதங்களில் அந்த ஓட்டை சரியாக 'ஆசிகள்' என்ற சொல்லில் விழுந்திருந்தது. நலம், நலமறிய அவா என்று ஆரம்பம். மழை, நெல் விலை, எனக்கு அம்மை போட்டது, பக்கத்து வீட்டுப் பசு கன்று ஈன்றது. இடம் தீரத்தீர எழுத்து சின்னதாகிக்கொண்டே வந்து, கடைசி வரி ஓரத்தில் திரும்பி மேலே ஏறி, பசை தடவும் மடிப்பில் 'மற்றவை நேரில்' என்று முடியும்.

எனக்குக் கணக்குப் புத்தி. ஒரு கடிதத்தை எடுத்துச் சொல்லை எண்ணினேன். 226. இன்னொன்றில் 240. என் மடல்கள் ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறைந்ததில்லை. அதில் நாலு போட்டோ வேறு. இன்லாண்டில், உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்று அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். அந்த எச்சரிக்கை என் லேப்டாப்பில் இல்லை.

"உங்கப்பன் துளியூண்டு எழுதுவான். ஊரே கண்ணு முன்னால நிக்கும்" என்றாள் அத்தை. "நீ எழுதறது நல்லாத்தான் இருக்கு. ஆனா பேரன் படிக்க ஆரம்பிச்சா நான் பாதியில தூங்கிடறேன்டா. முடிவு என்னன்னு அவனும் சொல்லமாட்டேங்கறான்."

அவனும் தூங்கியிருப்பான்.

சென்னைக்குத் திரும்பியதும் ஒரு மடலுக்கு இரண்டு இன்லாண்டு, அதாவது 480 சொல், என்று வரையறை வைத்துக்கொண்டேன். அளவு கிடைத்தது. நேரம் கிடைக்கவில்லை. அதை நானாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. மனைவிக்குத் தோள்பட்டையில் வலி வந்தது. பிசியோதெரபி பார்க்கிறவர், கையைத் தூக்கிச் செய்கிற வேலை எதுவும் ஆறு மாதத்துக்குக் கூடாது என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் இட்லிக்கு அரைப்பது என் பொறுப்பாயிற்று.

எங்களுடையது இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், கோயம்புத்தூர் சரக்கு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. தமிழ் உரைநடைக்கு அது செய்துவரும் தொண்டை யாரும் இதுவரை எழுதியதாகத் தெரியவில்லை. நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். முதலில் உளுந்து. முப்பது நிமிஷம். அந்த முப்பது நிமிஷமும் அங்கேயே நிற்க வேண்டும். ஏனென்றால் உளுந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்கும். நாலைந்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஒரு கை தெளித்து, ஓரத்தில் ஏறி ஒட்டிக்கொள்வதைக் கரண்டியால் தள்ளிவிட வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் மாவு காணாது. "போட்டுட்டு ஹாலுக்குப் போய் உக்காந்துடாதீங்க" என்பது மேலிடத்து உத்தரவு.

நாலைந்து நிமிஷத்துக்கு ஒருதரம்தான் வேலை, ஆனால் நகரக் கூடாது. செக்‌ஷன் சூப்பிரண்டுகூட என்னை இப்படிக் கட்டிப்போட்டதில்லை. முதல் சனிக்கிழமை சும்மா நின்றேன். இரண்டாவது சனிக்கிழமை லேப்டாப்பைக் கொண்டுவந்து, பருப்பு டப்பாக்களை நகர்த்திவிட்டு, சமையல் மேடையிலேயே வைத்துக்கொண்டேன். தண்ணீர் தெளிக்கிற இடைவெளிக்கு ஒரு பத்தி. கை ஈரமாக இருப்பதால் தேவையில்லாமல் கீ போர்டைத் தொடுவதில்லை. அடைமொழிகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. கிண்ணத்துத் தண்ணீரில் மாவை ஒரு சொட்டுக் கிள்ளிப் போட்டால் மிதக்க வேண்டும். மிதந்தால் வழித்துவிட்டு அரிசியைப் போடலாம். அரிசிக்கு இருபது நிமிஷம், ஆனால் சத்தம் அதிகம், அதில் யோசனை ஓடாது. அதனால் உளுந்து ஓடும்போது எழுத்து, அரிசி ஓடும்போது திருத்தம். அரிசிச் சத்தத்தில் படித்து எனக்கே அலுப்புத் தட்டுகிற வரியை வெட்டிவிடுவேன். அந்தச் சத்தத்தையும் தாண்டி நிற்கிற வரி பரவாயில்லாத வரி.

முதல் மடலுக்கு இரண்டு சனிக்கிழமை பிடித்தது. சரி, இரண்டு சனிக்கிழமைக்கு ஒரு மடல், மறுநாள் ஞாயிறு சாயங்காலம் அனுப்பிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். காலை ஆறு மணி என்ற பேச்சே இல்லை. மகளிடம் இதைச் சொன்னபோது, "வாரா வாரம்னீங்களே அப்பா" என்றாள். மனைவி உள்ளேயிருந்து, "இப்பவாவது அமாவாசைக்கு அமாவாசை வராம இருக்கே" என்றாள்.

மாவு பொங்குவதையும் எழுத்து பொங்குவதையும் ஒப்பிட்டு இந்த இடத்தில் உருக்கமாக ஒரு பத்தி எழுதலாம். எழுதியும் பார்த்தேன். அரிசிச் சத்தத்தில் நிற்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் தவறாமல் போனது. நடுவே வந்த பொங்கலும் தீபாவளியும் என்னை ஒன்றும் செய்யவில்லை, பண்டிகை வாரத்தில் யார் வீட்டிலும் இட்லிக்கு அரைக்காமல் இருப்பதில்லை. மனைவியின் தோள் எப்போதோ சரியாகிவிட்டது. "இனிமே நானே பாத்துக்கறேன்" என்று ஒரு சனிக்கிழமை கரண்டியைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. இதை அவள் அன்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கட்டுரை அவள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

போன மாதம், உளுந்து பதினைந்தாவது நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தபோது, அடியில் 'டப்' என்று ஒரு சத்தம். மோட்டார் சுற்றுகிறது, கல் சுற்றவில்லை. பெல்ட். பாதி அரைத்த உளுந்தை மிக்ஸியில் அடித்து ஒப்பேற்றினாள் மனைவி. மெக்கானிக், அந்த மாடலுக்குப் பெல்ட் வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றார். இரண்டு வாரம் பாக்கெட் மாவு வாங்கினோம். பாக்கெட் மாவு எவ்வளவு நேரம் எடுக்கும்? கத்தரிக்கோலால் மூலையை வெட்டுகிற நேரம்தான். அதில் தலைப்புகூட எழுத முடியாது.

மேஜையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். நாற்காலி, ஃபேன், அமைதி, எல்லா வசதியும் இருந்தது. ஒரு வரி வரவில்லை. ஞாயிறு சாயங்காலம் மணி ஏழு. மன்னார்குடி போன் வந்துவிடும் என்ற பயத்தில் இவ்வளவு மட்டும் எழுதி அனுப்பினேன்:

"நலம். நலமறிய அவா. கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. மற்றவை அடுத்த மடலில்."

இதுவரை நான் எழுதியவற்றில் அதிகப் பதில் வந்தது இதற்குத்தான். பதினான்கு. மூன்று பேர் மெக்கானிக் நம்பர் அனுப்பினார்கள். பெயர் தெரியாத ஏழு பேரில், அன்று கேள்விக்குறி அனுப்பினவர், "எங்கள் வீட்டிலும் போன வருஷம் இதே பெல்ட்" என்று நாலு வரி எழுதியிருந்தார். அத்தை பேரனை விட்டுப் பேசச் சொல்லி, இந்தக் கடுதாசிக்குத் தான் தூங்கவே இல்லை என்று சொல்லச் சொன்னாளாம். தமிழாசிரியரின் பதில் ராத்திரி பத்தரைக்கு வந்தது.

"'அறுந்துவிட்டது': வல்லின றகரம். சரி. பெல்ட் நம்பர் என்ன, தம்பி?"